மூடி போட்ட அலாரம்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது அலாரக்காரர் ஏணி மேல் நின்றிருந்தார். மனிதர் இன்னும் இறங்கவில்லை.

வீட்டு நடைவழியில், குளியலறைக் கதவுக்கு மேலே கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை வட்டத்தை, ஜென்ம விரோதியைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தார். புகை அலாரத்தின் சென்சார் அது. அன்று காலையும் அலறி வீட்டையே எழுப்பிவிட்டது. எங்கும் நெருப்பில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. நடைவழியில் ஏதோ பழ வாசனை மட்டும் லேசாக இருந்தது. கருகல் வாசனை இல்லாத இடத்தில் புகையைத் தேடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ஓட்டல், ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர் என்று பெரிய கட்டடங்களுக்கெல்லாம் புகை அலாரம் மாட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். சொந்த வீட்டிலும் சமையலறை வாசல், கூடம், நடைவழி என்று ஒன்று விடாமல் மாட்டியிருந்தார். "உங்க வீட்ல கொசு பறந்தாக்கூட சைரன் ஊதும் போலிருக்கே!" என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் பண்ணாத நாளில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. அலாரக்காரர் என்றால் போதும்.

அப்படிப்பட்டவர் வீட்டு அலாரம்தான் காரணமில்லாமல் கத்துகிறது. சென்சாரை மாற்றினார். மறுபடியும் கத்தியது. வேறு கம்பெனி சென்சார் போட்டார். அதுவும் கத்தியது. பூச்சி புகுந்திருக்கும் என்றார், தூசி என்றார், குளியலறை ஆவி என்றார். சப்ளை செய்தவனை போனில் கிழிகிழி என்று கிழித்தார்.

"என்னங்க, இறங்கப் போறீங்களா, இல்ல டிபனை மேலேயே அனுப்பட்டுமா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

அவருடைய மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். படிக்கிறவர்கள் எல்லோரும் மேடம் மேடம் என்று அழைத்து, கடைசியில் கட்டிய கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மேடத்தின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். மீதி நாளில் வண்டி. ஊசி குத்திக் குத்தி இடது கை முழுக்கக் கட்டியும் தழும்புமாக இருந்தாலும், அதே கையால் ஸ்டியரிங்கைத் தட்டி, "கிளட்சை மிதிங்க சார், கனவு காணாதீங்க" என்று அதட்டுகிற ஆள்.

சொந்தத் தம்பியின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்திவிட்டது. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். வீடே அந்தப் புதன்கிழமையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தது.

"இதோ பார் மேடம், ஆபரேஷன் முடியிற வரைக்கும் நீ நிம்மதியா தூங்கணும். இதுக்கு வாயைக் கட்டிடறேன்" என்ற அலாரக்காரர், பையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். கட்டட வேலை நடக்கும்போது சென்சாருக்குள் தூசி போகாமலிருக்கப் போடுகிற மூடி. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அதை வைத்து அழுத்தினார். சென்சார் ஊமையாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. தன்னிடம் வேலை செய்கிற பையன்களுக்கு அவர் தினமும் ஓதுகிற பாடம் ஒன்று உண்டு. "அலாரம் அடிச்சா மிஷினைத் திட்டாதே. ரூமுக்குள்ள யார் இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு போய்ப் பாரு." அதைச் சொல்லாமல் ஒரு நாளும் அவர் வண்டி கிளம்பாது. சொந்த வீட்டில் மட்டும் அந்தப் பாடம் அவருக்கு எப்படி மறந்ததோ!

குளியலறைக் கதவு திறந்தது. மகள் வெளியே வந்தாள். பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிறாள், அப்பாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், ஆனாலும் வீட்டில் அவள் பெயர் இன்னமும் வாண்டுதான்.

"அப்பா, அது வெறும் ஆவிதான். நான்தான் சொன்னேனே!" என்று சொல்லிவிட்டு இருமினாள்.

"சளியா வாண்டு? ஓட்டப் பயிற்சிக்குப் போகலியா?"

"அதை விட்டுட்டேன்ப்பா. பரீட்சை வருதுல்ல" என்றபடி அறைக்குள் போய்விட்டாள்.

அவர் ஏணியை மடக்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவு.

"தானம் கொடுக்கிறவரை இன்னிக்கே வரச் சொல்லணும். டாக்டர் பேசணும்ங்கறாங்க. பேஷன்ட் வர வேண்டாம்" என்றாள் மறுமுனையில் ஒரு பெண், எதையும் காட்டிக்கொள்ளாத குரலில்.

அலாரக்காரர் போனை வைத்தார். மேடத்திடம், "ஏதோ கையெழுத்தாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மச்சினனைக் கிளப்பினார்.

மச்சினன் பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறவன். ஆபரேஷனுக்காக லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டின் கடைசி அறையில் தங்கியிருந்தான். க்ரீமில் ரோஜாப்பூ செய்தால் வண்டு வந்து உட்காரும், அப்படிப்பட்ட கை அவனுக்கு. சட்டையில் எப்போதும் வெனிலாவோ, ஆரஞ்சோ, ஏதாவது ஓர் எசன்ஸ் மணக்கும். வீட்டில் பழ வாசனை அடித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

*

கண்ணாடி போட்ட டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தபடி முதலில் ஒன்று கேட்டார். "இது உங்க ரிப்போர்ட். உங்க அத்தான் முன்னால பேசலாமா, இல்ல அவர் வெளியே இருக்கணுமா?"

"அத்தான் இருக்கட்டும் டாக்டர். எங்களுக்குள்ள ஒளிவுமறைவு கிடையாது" என்றான் மச்சினன்.

"சரி. நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல டாக்டர். ஏற்கெனவே கேட்டீங்க, சொன்னேனே."

"உங்க யூரின்ல நிகோடின் போனதுக்கான அடையாளம் இருக்கு. எப்பவோ ஒரு தடவை பிடிக்கறவங்க பக்கத்துல நின்ன ஆளோட அளவு இல்ல. தினமும் பழக்கம் உள்ளவங்களோட அளவு."

அலாரக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "டாக்டர், மன்னிக்கணும். நான் இந்தத் தொழில்ல இருக்கறவன். சென்சார், டெஸ்ட்டர், எல்லாம் என் கை படாதது இல்ல. மிஷின் தப்பா காட்டும். உங்க மிஷின்ல ஏதோ கோளாறு. என் மச்சினன் டீ குடிக்கறதுக்கே யோசிக்கறவன்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போலிருந்தது. இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறார். எங்கேயோ என்ன, போன இடத்திலெல்லாம்! அலாரம் அடித்த ஒவ்வொரு ஓட்டல் முதலாளியும் அவரைக் கூப்பிட்டு இதே தொனியில்தான் சொல்வார், மிஷின் கோளாறு என்று. போய்ப் பார்த்தால் பின்கட்டில் எவனோ எதையோ கொளுத்திக்கொண்டிருப்பான்.

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை பார்த்துட்டோம் சார்" என்ற டாக்டர், மச்சினன் பக்கம் திரும்பினார். "சிகரெட் இல்ல. சரி. வேப் பண்றீங்களா? இ-சிகரெட்?"

மச்சினன் தரையைப் பார்த்தான்.  அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய், விரல் நீளத்துக்கு ஒரு பொருளை எடுத்து மேஜை மேல் வைத்தது. பச்சை நிறத்தில், பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தில் கோடு போடுகிற கலர் பேனா மாதிரி அப்பாவியாக இருந்தது.

"இது சிகரெட் இல்லீங்களே டாக்டர். நிகோடின் பூஜ்யம்னு போட்டிருக்கு, பாருங்க. உள்ள இருக்கறது எசன்ஸ்தான். அதே எசன்ஸை நான் தினமும் கேக்ல ஊத்தறேன், குழந்தைங்க சாப்பிடறாங்க. அதனாலதான் நீங்க கேட்டப்போ இல்லேன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லல."

"நம்பறேன்" என்றார் டாக்டர். "ஆனா அந்த எசன்ஸ் வயித்துக்குப் போறதுக்கு. வயிறு அரைச்சு, பிரிச்சு, வேண்டாததை வெளியே தள்ளும். நுரையீரலுக்கு அந்த வேலை தெரியாது. சூடாக்கி உள்ள இழுத்தா அதே எசன்ஸ் அங்க புண்ணாக்கலாம். அப்புறம் பூஜ்யம்னு அட்டையில போட்டதை மட்டும் நம்பாதீங்க. அப்படிப் போட்ட சாமான்லயே நிகோடின் இருந்ததைச் சோதிச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க உடம்பே இப்ப அதைத்தான் சொல்லுது."

"ஆவிதானே டாக்டர் வருது?"

"ஆவி இல்ல. ரொம்பப் பொடியான துளிகள். சில சமயம் சூடாகிற கம்பியிலேருந்து வர்ற உலோகத் துகள்கூட அதுல இருக்கும்."

துகள். அந்த ஒரு வார்த்தையில் அலாரக்காரர் நிமிர்ந்துவிட்டார். அவருடைய சென்சாருக்குள் என்ன இருக்கிறது? ஓர் இருட்டு அறை, அதற்குள் ஒரு சின்ன ஒளிக்கீற்று. துகள் உள்ளே வந்தால் ஒளி சிதறும், அலாரம் அடிக்கும். வாசனை நல்லதா கெட்டதா என்று அது கேட்டுக்கொண்டிருக்காது. அடப்பாவி! சப்ளைக்காரனை அநியாயமாகத் திட்டிவிட்டோமே என்று நினைத்த அடுத்த நொடியே, நடைவழியின் கடைசி அறையில் படுத்திருப்பவன் யார் என்பதும் ஞாபகம் வந்தது. கோபம் மூக்கு நுனிக்கு ஏறியது.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க நோயாளி இல்ல. நல்லா இருக்கற ஒருத்தர் மேல, இன்னொருத்தருக்காக நாங்க கத்தி வைக்கப்போறோம். அதனால உங்க விஷயத்துல எங்களுக்குப் பயம் ஜாஸ்தி. மயக்க மருந்துக்கு அப்புறம் நுரையீரல்ல சளி கட்டலாம், ரத்தம் உறையலாம், தையல் ஆறாம இழுக்கலாம். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். நாளைக்கு ஒத்தைச் சிறுநீரகத்தோட வாழப்போறவருக்கு அது ஆகவே ஆகாது. நுரையீரல் டெஸ்ட்ல போன தடவை மூச்சு ஊதினதைவிட இந்தத் தடவை குறைவா ஊதியிருக்கீங்க. இதுதான் காரணம்னு இப்பவே அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா எனக்குப் பிடிக்கல."

"அப்போ புதன்கிழமை?" என்று கேட்டார் அலாரக்காரர்.

"இல்ல சார். குறைஞ்சது ஆறு வாரம் இவர் இதைத் தொடக்கூடாது. நடுவுல சொல்லாம கொள்ளாமக் கூப்பிட்டு டெஸ்ட் எடுப்போம். சுத்தமா இருந்தா மறுபடி தேதி. விடறதுக்கு உதவி பண்ண இங்கேயே ஆலோசகர் இருக்காங்க, போறப்போ பார்த்துட்டுப் போங்க."

"அவ கை தாங்காது டாக்டர். டயாலிசிஸுக்கு ஊசி குத்தற ரத்தக்குழாய் சரியில்லேன்னு நர்ஸ் போன தடவையே சொன்னாங்க."

"தெரியும். அதான் இன்னிக்கே கூப்பிட்டேன். ஒரு நாளையும் வீணாக்கவேண்டாம்னு."

*

வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, அலாரக்காரர் வெடித்துவிட்டார்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காடா? உன் அக்கா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நாளை எண்ணிட்டிருக்கா. நீ அங்க ஊதிட்டிருக்கே! அதுவும் என் வீட்டு நடைவழியில நின்னு!"

"வீட்டுக்குள்ள இல்லத்தான்."

"பேசாதே!"

"சத்தியமா அத்தான். பேக்கரி பின்பக்கம், இல்லேன்னா மொட்டை மாடி. உள்ள ஒரு தடவைகூட அடிச்சதில்ல."

"அப்போ அலாரம் தானா அடிச்சுதா? ஒவ்வொரு தடவையும் ஏணி ஏறி இறங்கினவன் நான்! மாட்டிக்கிட்ட அப்புறமும் புளுகறே பாரு, அதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு."

மச்சினன் அதற்குமேல் வாதாடவில்லை. கொஞ்ச தூரம் போனபின் அவன் தோள் குலுங்குவதை அலாரக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பயமா இருந்துச்சு அத்தான்" என்றான். "தேதி குறிச்சதிலேருந்து தூக்கம் வரல. வயித்தைக் கிழிக்கறாங்கன்னு கனவா வருது. யார்கிட்ட சொல்றது? அக்காகிட்ட சொன்னா, உடனே வேண்டாம்னுடுவா. அப்பத்தான் பேக்கரில ஒருத்தன் இதைக் கொடுத்தான். சும்மா மிண்ட் வாசனைதான், மனசு லேசாகும்னான். முதல்ல எப்பவாவது. அப்புறம் அது இல்லாம ஒரு பூவைக்கூட என்னால பிழிய முடியல. கை நடுங்குது."

 அலாரக்காரரிடம் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் பாதிக்கு மேல் மிச்சமிருந்தன. ஆனால் தன் உடம்பில் ஒன்றை அறுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்ட ஒருவனிடம், பயமாக இருக்கிறதா என்று ஒரு நாளாவது தான் கேட்டதுண்டா என்று யோசித்தார். கேட்டதில்லை. வண்டியைத் திருப்பினார்.

"எங்க அத்தான் போறோம்?"

"அவகிட்டதான். ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். அது புளிக்கறதுக்குள்ள உண்மையைச் சொல்லிடணும்."

டிரைவிங் பழகும் மைதானத்தில் மேடம் ஒரு பெரிய மனிதரை ரிவர்ஸ் எடுக்கவைத்துக்கொண்டிருந்தாள். டிரம்களுக்கு நடுவே கார் தள்ளாடிப் பின்னால் வந்தது. இரண்டு ஆண்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்ததும், தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது.

"சார், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்று அவரை இறக்கிவிட்டு, தம்பியை அந்த டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னாள். அலாரக்காரர் பின்சீட்டில்.

தம்பி எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. மேடம் கண்ணாடி வழியாக எதிரே இருந்த டிரம்மைப் பார்த்தபடியே கேட்டாள். ஒரு முறை மட்டும் வலது கை போய் இடது கைத் தழும்பைத் தடவியது. புதன்கிழமை இல்லை என்பது அவளுக்குள் இறங்க அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

"அழாதேடா. முதல்ல மூக்கைத் துடை" என்றாள். "இப்ப கேளு. நீ பயந்தது தப்பே இல்ல. சொல்லாததுதான் தப்பு. இப்பவும் பயமா இருந்தா சொல்லு, கொடுக்க வேண்டாம். அக்கா கோவிச்சுக்கமாட்டேன். என் பொண்ணு மேல ஆணை."

"இல்லக்கா. கொடுக்கணும். அதுல மாத்தமில்ல."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்போ நல்லாக் கேட்டுக்கோ. உன் சிறுநீரகம் எனக்கு வேணும். ஐயோ வேண்டாம்ப்பான்னு பெருந்தன்மையா பேச எனக்குத் தெம்பில்ல. வாண்டு காலேஜ் போறதை நான் பார்க்கணும், இந்த மனுஷனை இன்னும் நிறைய வருஷம் நச்சரிக்கணும். அதனால நீ அதைப் பத்திரமா, சுத்தமா கொண்டு வந்து கொடுக்கிறே. ஆறு வாரம்."

"முடியுமான்னு தெரியலக்கா. காலையிலேருந்து தொடல, இப்பவே தலை வெடிக்குது."

"தெரியலேன்னா தெரிஞ்சுக்குவோம். நாளையிலேருந்து ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் நீ என்கூட வர்றே. பக்கத்துல உட்கார்றே. நாலு மணி நேரம் நான் ரெண்டு ஊசியோட அசையாம கிடக்கேன். நீ ஊசி இல்லாம உட்காரு. போதும். மீதி நேரத்துக்கு அந்த ஆலோசகர் என்ன சொல்றாங்களோ அதைச் செய்."

பின்சீட்டில் அலாரக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபது வருஷமாக இவளோடு குடித்தனம் பண்ணுகிறார். இன்னும் இவள் அளவு அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னங்க பின்னாடி சத்தம்?"

"தூசி" என்றார்.

"உங்களுக்கு எல்லாமே தூசிதான்!" என்றாள் மேடம். தம்பி அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டான்.

*

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் நால்வரும் கூடினார்கள். வாண்டுவுக்கும் தெரியவேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் இனிமேல் யாரும் எதையும் தனியாகப் பயப்பட வேண்டாம் என்பது அவள் கட்டளை.

மச்சினன் அந்தப் பச்சைப் பொருளை டீப்பாய் மேல் வைத்தான். "நசுக்கிப் போட்டுடறேன் அத்தான்."

"அடேய், அடேய்! உள்ள பேட்டரி இருக்கு, நசுக்கினா தீப்பிடிக்கும்" என்று அலாரக்காரர் பாய்ந்து எடுத்தார். தீ என்று வந்துவிட்டால் அவருக்குத் துக்கம்கூட இரண்டாம்பட்சம்தான். பழைய பேட்டரி போடுகிற இரும்பு டப்பாவுக்குள் அதைப் போடுவதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். குளிர்ந்த மிண்ட் வாசனை. பல் விளக்கினாற்போல இருந்தது. அவர் மனசில் ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று பிடிபடுவதற்குள் மேடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

வாண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் ஆபரேஷன் தள்ளிப்போன அதிர்ச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"மாமா" என்று கேட்டாள். "பூஜ்யம்னு போட்டிருந்தும் அதுல நிகோடின் இருந்துச்சா?"

"இருந்திருக்கே வாண்டு. அதான் மாமா மாட்டிக்கிட்டேன்."

"எல்லாத்துலயுமா இருக்கும்?"

"அதை யாரு கண்டா? டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்."

"அது... விட முடியுமா?"

"விடுவேன்" என்றான் அவன். "கஷ்டமா இருக்கு. ஆனா விட்டுடுவேன். அக்கா பிரேக்ல கால் வெச்சுட்டா."

வாண்டு எழுந்தாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று நடைவழிப் பக்கம் போனாள்.

அலாரக்காரர் அவளுக்குப் பின்னாலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். காரணம் தெரிந்துவிட்டது, குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான், இனி சென்சாருக்கு எதற்கு வாய்ப்பூட்டு? ஏறி நின்று சிவப்பு மூடியைக் கழற்றினார். சென்சாரின் சின்ன விளக்கு மினுக்கியது. வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அமைதியாக இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் தொழில்காரனின் மானம் திரும்பி வந்த திருப்தியோடு இறங்கி, கூடத்துக்கு வந்து மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான், காலையில கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"விடுங்கத்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் நம்புங்க. வீட்டுக்குள்ள நான்..."

அவன் முடிக்கவில்லை. நடைவழியில் அலாரம் அலறியது.

மூவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அலாரக்காரர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். வெறும் கை. அந்தப் பச்சைப் பொருள் இரும்பு டப்பாவுக்குள் இருந்தது. டப்பா அவருடைய காலடியில்.

"அத்தான்... நான் இங்கதான் இருக்கேன்."

மேடம் மெதுவாகத் தலையைத் திருப்பி நடைவழியைப் பார்த்தாள்.   வீட்டில் இருக்கும் நான்காவது ஆள் ஒருத்திதான்.

அலாரக்காரர் எழுந்து நடந்தார். நடைவழிக்குள் கால் வைத்ததும் வாசனை வந்து மோதியது. மிண்ட் இல்லை. தர்பூசணி. காலையில் அடித்ததும் இதே தர்பூசணிதான். ஏணி மேல் நின்று இத்தனை நாளும் மூக்கு நிறைய இழுத்துவிட்டு, கேக் எசன்ஸ் என்று தள்ளிய அதே தர்பூசணி. ஓட்டப் பயிற்சியை விட்டது, இருமல், வெறும் ஆவிதான்ப்பா என்று முந்திக்கொண்டு சொன்னது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தன. பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள். பெற்றவருக்கும் எரிந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "அலாரக்காரரே! அதை நிறுத்துங்க சார், காது போகுது!"

பழக்க தோஷத்தில் அவர் கை ஏணியைப் பிடித்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டார். சிவப்பு மூடி சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு அழுத்து, சத்தம் நின்றுவிடும். தெருவும் அடங்கிவிடும், வீடும் பழையபடி ஆகிவிடும்.

காலை எடுத்துக் கீழே வைத்தார்.

மூடியை எடுத்து, பின்னாலேயே வந்திருந்த மச்சினனிடம் கொடுத்தார். "இதைத் தூக்கி எங்கேயாவது போடு. இனிமே இந்த வீட்டுல இது எனக்கு வேண்டாம்." பிறகு குளியலறைக் கதவைத் தட்டினார், ஓங்கியும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"வாண்டு. அப்பா."

உள்ளே குழாய் திறந்துவிட்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஓர் இருமல். அதை அடக்கப் பார்த்து, அடங்காமல், இன்னோர் இருமல். இந்த வயதுப் பெண்ணின் நெஞ்சிலிருந்து வரக்கூடாத வறட்டு இருமல்.

"கடைசித் தடவைப்பா" என்று அழுகைக் குரல் வந்தது. "கடைசியா ஒரு தடவைன்னுதான் எடுத்தேன். தூக்கிப் போட்டுடலாம்னுதான் வந்தேன், முடியல. அம்மா இருக்காங்களா அங்க? அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா."

மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தழும்பேறிய கையை மடியில் வைத்தபடி கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் தம்பியும் உட்கார்ந்தான்.

"அம்மா இங்கதான் இருக்கேன்டி. மாமாவும் இருக்கான். நாளைக்கு டயாலிசிஸ் ரூம்ல இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன், அவ்வளவுதான். நீ வெளியே வா."

மேலே அலாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே வாண்டு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, முதல்ல அதை நிறுத்துங்கப்பா! ப்ளீஸ்!"

அலாரக்காரர் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மாட்டேன்டா கண்ணு. அப்பா இனிமே நிறுத்தமாட்டேன். நீ கதவைத் திற. உள்ள இருக்கற காத்து வெளியே போனா, அதுவா நிக்கும்."

குழாய்ச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது.